பழைய மலை மிதிவண்டிகள்: மல்லசமுத்திரம் வட்டாரம்

மலை மிதிவண்டி என்பது கரடுமுரடான பாதையில் ஓட்டுவதற்காக அகலமான டயர், நேரான ஹேண்டில்பார், குட்டையான வலுவான சட்டகம் ஆகியவற்றோடு அமைக்கப்பட்ட மிதிவண்டி வகையாகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இதனை 'எம்டிபி' என்பர். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் 'ரேஞ்சர் சைக்கிள்' என்றும் 'பட்டை டயர் சைக்கிள்' என்றும் சொல்வதுண்டு. நாமக்கல் மாவட்டம், திருச்செங்கோடு வட்டத்தைச் சேர்ந்த மல்லசமுத்திரம் சமவெளி ஊர். ஆயினும் 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் வாங்கப்பட்ட இவ்வகை வண்டிகள் இப்பகுதியில் இன்றும் ஓடுகின்றன. மலைக்கென்று பெயர் பெற்ற வண்டி சமவெளியில் ஏன் இத்தனை காலம் நிலைத்தது, அதனைத் தொடர்ந்து ஓட்டுவோர் எவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

தோற்றம்

மலை மிதிவண்டி எந்தத் தொழிற்சாலையிலும் திட்டமிட்டுப் பிறந்ததன்று. பழைய வண்டிகளிலிருந்தே அது உருவானது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்னும் பகுதி உள்ளது. அங்கே 1970-களில் இளைஞர்கள் சிலர் 1930-களிலும் 1940-களிலும் செய்யப்பட்ட ஷ்வின் நிறுவனத்தின் கனமான, பருத்த டயர் வண்டிகளை மலிவாக வாங்கி மலைப்பாதைகளில் இறக்கி ஓட்டினர். 1976இல் அவர்கள் ஒரு பந்தயத்தைத் தொடங்கினர். அதன் பாதை சுமார் 3 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 400 மீட்டர் கீழிறங்குவது. அக்கால வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கர அச்சுக்குள்ளேயே பிடிக்கும் பிரேக் இருந்தது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் அதன் உள்ளே இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பிறகும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அப்பந்தயத்திற்கு 'ரீபேக்', அதாவது 'மீண்டும் அடைத்தல்', என்றே பெயராயிற்று.

அக்குழுவில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் இவ்வேலைக்கென்றே தனிச் சட்டகம் ஒன்றைச் செய்தார். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, டாம் ரிச்சி ஆகியோர் 1979இல் இத்தகைய வண்டிகளை விற்கத் தொடங்கினர். ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் 'ஸ்டம்ப்ஜம்பர்' 1981இல் வெளிவந்து, பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் மலை மிதிவண்டியாயிற்று. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் பந்தயம் முதன்முறையாக இடம்பெற்றது.

இந்தியாவில் எடுத்த வடிவம்

இந்தியாவுக்கு இந்த வண்டி வந்தபோது அதன் தோற்றம் மட்டும் முழுமையாக வந்தது. உள்ளமைப்பு பெரும்பாலும் பழைய கறுப்புச் சைக்கிளினுடையதே. அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் இணைந்து நிறுவியதாகும். அது ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ என்னும் பெயர்களில் வண்டிகளை விற்றது. இவ்விரண்டும் பர்மிங்காம் நகரில் பிறந்த பெயர்கள் என்பதை நம் ஊரில் நினைப்பவர் குறைவு. ஹெர்குலிஸ் எம்டிபி, பிஎஸ்ஏ மாக், லூதியானாவில் 1956இல் நிறுவப்பட்ட ஹீரோ நிறுவனத்தின் ரேஞ்சர் ஆகியவை 1990-களில் பள்ளி மாணவர்களின் ஆசை வண்டிகளாக இருந்தன.

இவற்றில் மிகுதியாக விற்றவை கியர் இல்லாத ஒற்றை வேக வண்டிகள். சட்டகம் சாதாரண எஃகு, ரிம் குரோமியம் பூசிய எஃகு. எடை 18 முதல் 20 கிலோ வரை இருந்தது. அதே காலத்தில் மேலைநாடுகளில் விற்ற நல்ல மலை வண்டி குரோம்-மாலிப்டினம் கலந்த எஃகுக் குழாயால் ஆனது. அதன் எடை 11 முதல் 13 கிலோ. அதில் முன்னால் மூன்று பல்சக்கரங்களும் பின்னால் ஆறு, ஏழு பல்சக்கரங்களும் இருந்தன. ஆகவே நம் பகுதியில் 'எம்டிபி' என்று வழங்குவதை, மலை வண்டியின் உடையணிந்த ஊர்ச் சைக்கிள் என்பதே பொருந்தும். இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. கெடுவதற்குரிய பாகங்கள் குறைவாக இருந்ததே அதன் நீண்ட ஆயுளுக்கு முதற்காரணம்.

சமவெளியில் அதன் பயன்

மல்லசமுத்திரம் சேலத்திற்கும் திருச்செங்கோட்டிற்கும் இடையே அமைந்த பேரூராட்சி. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் இதுவே. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும் வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. விசைத்தறி, பருத்தி ஏலம், மரவள்ளி, நிலக்கடலை, சோளம், கறவை மாடு ஆகியவை இவ்வட்டாரத்தின் பிழைப்பு. தறிப்பட்டறைக்கு மாறுநேர வேலைக்குச் செல்பவர், விடியற்காலையில் பால் ஊற்றப் போகிறவர், தோட்டத்திலிருந்து சோளத்தட்டுக் கட்டுகளை ஏற்றி வருபவர் ஆகியோர்க்கு 2, 3 கிலோமீட்டர் பயணமே அன்றாடம். அதில் பாதி தார்ச்சாலை, மீதி மண் தடம். வண்டித்தடத்தின் புழுதியிலும் வரப்போரக் கல்லிலும் பருத்த டயர் புதையாமல் செல்லும். தாழ்ந்து சாய்ந்த மேல்பார் இருப்பதால் சுமையோடு இறங்கி ஏறுவதும் எளிது.

பல வீடுகளில் இவ்வண்டி மகனிடமிருந்து தந்தைக்குச் சென்றிருக்கிறது. வழக்கமாகப் பொருள்கள் மூத்தவரிடமிருந்து இளையவருக்கு இறங்கும். இங்கே எதிர்த்திசையில் ஏறின. தமிழ்நாட்டில் 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு எனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் மேல்நிலை மாணவர் அனைவருக்கும் விரிந்தது. பிள்ளைக்குப் பள்ளியில் புது வண்டி கிடைத்ததும், அல்லது கல்லூரி சேர்ந்து மொபெட் வந்ததும், பழைய எம்டிபி அப்பாவின் கைக்கு வந்தது. வந்தவுடன் அதற்குக் கேரியர், மட்கார்டு, பக்கவாட்டு ஸ்டாண்டு ஆகியவை பொருத்தப்பட்டன. கடையில் வாங்கும்போது இவை இல்லாமல் இருந்ததே மகனுக்குப் பெருமையாக இருந்திருக்கும்.

சுமை ஏற்றுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய கறுப்புச் சைக்கிளில் முன்சக்கரத்திற்கு 32 போக்ஸ் கம்பிகளும் பின்சக்கரத்திற்கு 40 கம்பிகளும் இருந்தன. பின்பக்கமே பாரம் தாங்குவதால் அவ்வாறு பிரிக்கப்பட்டது. எம்டிபி வண்டிகளில் இரு பக்கமும் 36. சிறிய சக்கரம் இயல்பாகவே உறுதியானது என்றாலும், கேரியரில் மூட்டை ஏற்றினால் கம்பிகள் தளர்ந்து ரிம் விரைவில் கோணும். மாதம் ஒருமுறை கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து விரலால் அழுத்திப் பார்த்தால் தளர்ந்தது எது என்று தெரிந்துவிடும். கோட்டம் எடுக்கும் வேலையைச் சைக்கிள் கடைக்காரரிடம் விடுவதே நல்லது. அனுபவமில்லாத கை ஒரு கோட்டத்தை எடுத்து இரண்டாக்கிவிடும்.

எஃகின் ஆயுள்

எஃகுச் சட்டகம் 30 ஆண்டுகள் கடந்தும் ஓடுவதற்கு அறிவியல் காரணம் உண்டு. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அது ஒடியும் என்பது மாணவர் அறிந்தது. ஆனால் எஃகில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழான விசை எத்தனை இலட்சம் முறை வந்தாலும் விரிசல் தோன்றாது. இதனை அயர்வு எல்லை என்பர். அலுமினியத்திற்கு அத்தகைய எல்லை இல்லை. சிறு விசையும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். எனவே அலுமினியச் சட்டகத்தைத் தடிமனாகச் செய்து அக்குறையை ஈடுசெய்கின்றனர். எஃகுக்கு எதிரி அயர்வைவிடத் துருவே.

துரு வெளியே தெரியும் இடத்தில் பெரும்பாலும் ஆபத்தில்லை. சீட் குழாயின் மேல்வாய் வழியாக மழைநீர் உள்ளே இறங்கி, பெடல் அச்சு இருக்கும் அடிப்பகுதியில் தேங்கும். ஐப்பசி மழை முடிந்ததும் சீட்டைத் தண்டோடு உருவி, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு பகல் காயவிட வேண்டும். தண்டுக்குக் கிரீஸ் தடவித் திரும்பப் பொருத்தினால், சில ஆண்டுகளில் அது குழாயோடு இறுகிப்போகும் தொல்லையும் வராது.

சட்டகத்தில் விரிசல் விழக்கூடிய இடங்கள் சிலவே. முன்குழாயும் கீழ்ப்பாரும் சேருமிடம், பெடல் அச்சுக்குப் பின்னால் செயினை ஒட்டிச் செல்லும் குழாய், பின்சக்கர அச்சு அமரும் தட்டு ஆகியவை அவை. பெயிண்டில் மயிரிழை போன்ற கோடும், அக்கோட்டில் பழுப்பு நிறமும் தெரிந்தால் ஐயப்பட வேண்டும்.

விரிசலை ஒட்டவைக்கும் வசதி இவ்வட்டாரத்திற்குப் பெரிய பேறு. நாமக்கல் லாரிக்குக் கூண்டு கட்டும் ஊர், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் ஊர். வெல்டிங் பட்டறைக்குக் குறைவில்லை. ஆனால் இந்தப் பேற்றிலேயே ஓர் ஆபத்தும் உள்ளது. லாரியின் சேசிஸ் இரும்பு தடித்தது, சைக்கிள் குழாயோ ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. தடித்த ராடு கொண்டு மின்வெல்டிங் வைத்தால் குழாய் ஓட்டையாகும். அல்லது ஒட்டிய இடத்தை அடுத்த பகுதி சூட்டில் பலமிழந்து, ஆறு மாதத்தில் அங்கே ஒடியும். வாயுச் சுடரில் பித்தளை உருக்கிப் பற்றவைக்கும் முறையே மெல்லிய குழாய்க்கு ஏற்றது. அதில் இரும்பு உருகுவதில்லை, பித்தளை மட்டும் உருகி இடுக்கில் இறங்குகிறது. முன்ஃபோர்க்கில் விரிசல் கண்டால் எந்த வெல்டிங்கும் கூடாது. ஓடும்போது ஃபோர்க் ஒடிந்தால் ஓட்டுபவர் முகம் தரையில் மோதும். மாற்று ஃபோர்க் போடுவதே முறை.

முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், நடுவில் ஸ்பிரிங் வைத்த சட்டகம் என்று பிற்காலத்தில் வந்த மலிவு வண்டிகள் இத்தனை காலம் தாக்குப்பிடிக்கவில்லை. புழுதி ஏறி ஸ்பிரிங் இறுகிய பின் அது வெறும் பாரம். மிதிக்கும் விசையின் ஒரு பகுதி ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே வீணாவதும் உண்டு. பழையதை விலைக்கு வாங்க நினைப்பவர் ஸ்பிரிங் இல்லாத சாதாரண ஃபோர்க் உள்ள வண்டியைத் தேர்வதே அறிவுடைமை.

'26 அங்குலம்' என்னும் குழப்பம்

பழைய மலை வண்டி வைத்திருப்போர் அடிக்கடி ஏமாறும் இடம் டயர் கடை. '26 டயர்' என்று கேட்டு வாங்கி வந்தால் ரிம்மில் ஏறாது, அல்லது தொளதொளவென்று கிடக்கும். காரணம், 26 என்பது டயரின் வெளிவிட்டத்தைத் தோராயமாகக் குறிக்கும் பழைய வழக்கு. உள்ளே ரிம்மில் டயர் அமரும் விட்டம் வேறு வேறாக இருக்கும்.

26 × 1.95, 26 × 2.125 என்று புள்ளி வைத்து எழுதப்பட்டவை மலை வண்டிக்குரியவை. இவற்றின் அமர்வு விட்டம் 559 மில்லிமீட்டர். 26 × 1⅜ என்று பின்னமாக எழுதப்பட்ட டயரின் அமர்வு விட்டம் 590 மில்லிமீட்டர். இரண்டுக்கும் 31 மில்லிமீட்டர் வேறுபாடு. கணிதத்தில் 1½ என்பதும் 1.5 என்பதும் ஒன்றே. டயர் கடையில் அவை ஒன்றல்ல: 26 × 1½ என்றால் 584, 26 × 1.5 என்றால் 559. கறுப்புச் சைக்கிளின் 28 × 1½ டயர் 635. இக்குழப்பம் தீர உலக அளவில் ஒரு முறை வகுக்கப்பட்டு, டயரின் பக்கவாட்டில் 50-559 என்பது போன்ற எண் பொறிக்கப்படுகிறது. முதல் எண் அகலம், இரண்டாவது அமர்வு விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். பழைய டயரைக் கழற்றும் முன் இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் போதும்.

இப்போது உலகில் புதிய மலை வண்டிகள் பெரும்பாலும் 29 அங்குலத்திற்கும் (622) 27.5 அங்குலத்திற்கும் (584) மாறிவிட்டன. இந்தியாவில் 559 டயர் இன்னும் கிடைக்கிறது, ஆயினும் நல்ல தரமானவற்றின் வகைகள் குறைந்து வருகின்றன. தார்ச்சாலையில் மிகுதியாக ஓட்டுபவர் கட்டை கட்டையாகப் புடைத்த டயரை விட்டு, அதே 559 விட்டத்தில் வழவழப்பான 1.5 அகல டயருக்கு மாறலாம். மிதிப்பது கண்கூடாக இலேசாகும்.

முள்ளும் காற்றும்

இவ்வட்டாரத்து மண்தடங்களில் நெருஞ்சி படர்ந்து கிடக்கும். இதன் ஆங்கிலப் பெயர்களுள் ஒன்றின் பொருளே 'பஞ்சர் கொடி' என்பதாகும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்குமாறு அதன் காய் அமைந்துள்ளது. சீமைக்கருவேல முள் அதைவிட நீளமானது. வேலி வெட்டிய மறுநாள் அந்தப் பக்கம் வண்டியை உருட்டிச் செல்வதே மேல். பஞ்சர் ஒட்டிய பின் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடைக்க வேண்டும். ஒடிந்த முள்நுனி இருந்தால் துணி சிக்கிக் காட்டிக்கொடுக்கும். வெறும் விரலால் தடவுவது விரலைக் கிழித்துக்கொள்ளும் வழி. கெட்டுப்போன பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் டியூபுக்கும் இடையில் பட்டையாக விரிப்பது ஊர்களில் வழங்கும் சிக்கன முறை. சிறு முள்ளை அது தடுக்கும்.

பஞ்சர் இல்லாமலே காற்று இறங்கினால் முதலில் வால் டியூபைப் பார்க்க வேண்டும். அந்தச் சிறு ரப்பர் குழல் வெயிலில் காய்ந்து வெடித்துப்போகும். மவுத்தில் சிறிது எச்சில் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததே.

செயின், பல்சக்கரம்

செயின் 'நீண்டுவிட்டது' என்பர். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வோர் ஊசியும் தேய்ந்து இடைவெளி கூடுவதால் மொத்த நீளம் கூடுகிறது. ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். தச்சர் டேப்பை வைத்து அளந்தால் எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாக இருக்கும் செயினை மாற்றியாக வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் அது ஃப்ரீவீலின் பற்களைத் தன் அளவுக்குத் தேய்க்கும். பிறகு புதுச் செயின் போட்டாலும் பழைய பல்லில் நழுவும். 

ஒற்றை வேக வண்டியின் வேகத்தை மாணவர்களே கணக்கிடலாம். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள வண்டியில் பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் 44 ÷ 18, அதாவது ஏறத்தாழ 2.44 முறை சுற்றும். 559 ரிம்மில் 2 அங்குல டயரின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். எனவே ஒரு மிதிக்கு வண்டி ஏறத்தாழ 5 மீட்டர் நகரும். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 18 கிலோமீட்டர். முன் 28, பின் 28 என்னும் இறக்கக் கியர் உள்ள வண்டியிலோ ஒரு மிதிக்கு 2.07 மீட்டர்தான். தூரம் குறையக் குறைய மிதிக்கும் பாரமும் குறைகிறது. ஏற்றத்தில் கியர் உதவுவது இப்படித்தான்.

மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை 'டக்' என்று ஒலித்தால் பெடல் தண்டைப் பிடிக்கும் காட்டர்பின் தளர்ந்திருக்கும். நட்டை மட்டும் முறுக்கி அடக்கப் பார்ப்பது பயனற்றது. பின்னை அடித்து இறுக்க வேண்டும், தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். விலை மிகக் குறைந்த இந்தப் பின்னைக் கவனிக்காமல் அச்சையே கெடுத்துக்கொள்வோர் பலர். பெடலைக் கழற்றுபவர் இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையானது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உதிரிபாகமும் கடையும்

பழைய வண்டி ஓடுவது சட்டகத்தின் பலத்தால் மட்டுமன்று, பழுது பார்ப்பவர் ஊரில் இருப்பதாலும்தான். வாடகை சைக்கிள் கடைகள் மறைந்தன. எஞ்சிய கடைகளில் பல, மோட்டார் சைக்கிள் பஞ்சருக்கே நேரம் சரியாக இருக்கிறது என்ற நிலையில் உள்ளன. ஓவராயில் செய்து, கோண், கப், பால்ஸ் எல்லாம் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் பொருத்தும் கை அரிதாகி வருகிறது. உற்பத்திப் பக்கமும் மாறியது. 1951 முதல் இயங்கிய அட்லஸ் நிறுவனம் டெல்லியை அடுத்த சாகிபாபாத்தில் தன் கடைசித் தொழிற்சாலையை 2020 ஜூன் 3 அன்று நிறுத்தியது. ஐக்கிய நாடுகள் அவை உலக மிதிவண்டி நாளாக அறிவித்த நாளும் அதுவே. அட்லஸ் வண்டி வைத்திருப்போருக்கு நல்வாய்ப்பாக, ஒற்றை வேக வண்டிகளின் பால்ஸ், செயின், ஃப்ரீவீல், அச்சு போன்றவை நிறுவனத்திற்கு நிறுவனம் பெரிதும் மாறுவதில்லை. சேலத்து உதிரிபாகக் கடைகளில் இவை பெயர் பார்க்காமல் அளவு பார்த்தே விற்கப்படுகின்றன. கியர் வண்டிக்கு இந்த வசதி குறைவு. செயின் அகலமும்கூட வேறு: ஒற்றை வேகத்திற்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம், கியருக்கு 3/32 அங்குலம்.

பழைய வண்டியைக் கைமாற்றி வாங்குவோர் சட்டக எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில், அல்லது சீட் குழாயின் மேற்பகுதியில் அடிக்கப்பட்டிருக்கும். அரத்தால் தேய்த்த தடம் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்கலாகாது.

பிரேக்

இவ்வண்டிகளின் பலவீனம் பிரேக். குரோமியம் பூசிய எஃகு ரிம் காய்ந்திருக்கும்போது ஓரளவு பிடிக்கும். நனைந்தால் ரப்பர்க் கட்டை வழுக்கி, நிற்கும் தூரம் பல மடங்கு கூடும். மழையில் முன்கூட்டியே பிரேக்கை மெல்ல அழுத்தி ரிம்மின் நீரை வழித்துவிட்டுப் பிறகு இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிரேக் வயர் உறைக்குள் துருப்பிடித்துச் சிக்கினால் விபத்து நேரக்கூடும். ஆண்டுக்கொரு முறை இரு வயர்களையும் மாற்றுவது சிறு செலவுதான். லாரிகள் ஓயாது செல்லும் சேலம், திருச்செங்கோடு சாலைகளில் இருட்டிய பின் செல்வோர் பின்பக்கம் சிவப்பு ஒளிவில்லை ஒட்டுவதோடு சிறு விளக்கும் மாட்ட வேண்டும். பழைய 6 வோல்ட் டைனமோ, வண்டி நின்றவுடன் அணைந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது.

பெயரை நம்பி இவ்வண்டிகளை மலைக்குக் கொண்டு செல்லும் இளைஞரும் உள்ளனர். இதே மாவட்டத்துக் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒற்றை வேக எம்டிபியில் அதன் பெரும்பகுதியைத் தள்ளிக்கொண்டுதான் ஏற முடியும். அதனால் கால் வலிக்குமே தவிர வேறு தீங்கில்லை. இறங்குவதே ஆபத்து. தொடர்ந்து பிடித்த பிரேக் கட்டையும் ரிம்மும் சூடேறி, பிடிப்புக் குறைந்து, கீழ் வளைவுகளில் வண்டி நிற்காமல் போகும். இதற்கென்றே செய்யப்பட்ட அலுமினிய ரிம்மும் நல்ல பிரேக்கும் இல்லாத வண்டியை அங்கே இறக்கி ஓட்டலாகாது. ஏற்றிய வண்டியைப் பேருந்தின் மேலோ சரக்கு வேனிலோ போட்டுக்கொண்டு இறங்குவதே சரி.